விலை ஏறினால்தான் பாதை என்றால், வெளியேறுவது யார்?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சுற்றிக் கைவிடப்பட்டுக் கிடந்த 22 மைல் ரயில் தடத்தை நடைபாதையாகவும் ரயில் வழியாகவும் மாற்றும் திட்டம் பெல்ட்லைன். இதற்காக 2005இல் சிறப்பு வரி மண்டலம் ஒன்று உருவாக்கப்பட்டது. மண்டலத்துக்குள் சொத்து மதிப்பு உயரும்போது கிடைக்கும் கூடுதல் சொத்துவரி, பொது நிதிக்குப் போகாமல் திட்டத்துக்கே திருப்பப்படும்.

கேட்க நியாயமாகத்தான் தெரியும். கணக்கைப் பாருங்கள்: மனை விலை ஏறினால்தான் திட்டத்துக்குப் பணம். விலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் முதலில் வெளியேறுவது, தெற்கிலும் மேற்கிலும் தலைமுறைகளாக வாழும் ஏழைக் கறுப்பின மக்கள். அதாவது, அவர்கள் வெளியேற்றம் இத்திட்டத்தின் பக்க விளைவல்ல. நிதி திரட்டும் முறையிலேயே அது இருக்கிறது.

5,600 மலிவு வீடுகள் என்ற வாக்குறுதி முதல் பத்தாண்டில் வெகுவாகப் பின்தங்கியது. 1999இல் இந்த யோசனையை முன்வைத்த ரயான் கிரேவலே, இதைச் சுட்டிக்காட்டி 2016இல் திட்டத்தின் ஆதரவு அமைப்பின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். நடைபாதை வந்தது, அந்தத் தடம் முழுக்க ஓடும் என்ற ரயில் வரவில்லை.

குடியிருக்கும் இடத்தை வைத்தே மனிதரை ஒதுக்கும் சமூகத்தில் பிறந்த நமக்கு இது அந்நியக் கதையல்ல. வீட்டுக்கான பங்கை முதல் நாளே சட்டமாக்குங்கள். பாதை அதன்பிறகு வரட்டும்.