ஜன்னலைத் திறக்க முடியாதவரிடம் என்ன சொல்வது?

நேரத்தோடு தூங்குங்கள், மாலையில் கொஞ்சம் நடங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். மனம் சோர்ந்து வருகிறவரிடம் மருத்துவர்களாகிய நாம் அன்றாடம் சொல்பவை இவை. மூன்றும் பலன் தருபவைதான். ஆனால் 2018-இல் ஜெஞ்சாரோமில் குடியிருந்த ஒருவரால் இவற்றில் எதைக் கடைப்பிடித்திருக்க முடியும்?

அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குச் சீனா தடை விதித்தது. போக்கிடம் இல்லாத கழிவு மலேசியாவுக்கு வந்து குவிந்தது. கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில், ஜெஞ்சாரோம் இருக்கும் கோல லங்காட் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. மறுசுழற்சிக்கு உதவாததை இரவில் கொளுத்தினார்கள். நள்ளிரவில் நெடி வீட்டுக்குள் புகுந்தது. இருமல், மூச்சுத் திணறல், தூக்கமின்மை என்று ஊர்மக்கள் முறையிட்டார்கள். அதிகாரிகள் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளை மூடிய பிறகும் சுமார் 17,000 டன் கழிவு அங்கேயே கிடந்தது.

இருமலுக்கு மருந்து கொடுத்திருப்போம், மருத்துவ விடுப்புக்கு எம்.சி.யும் எழுதியிருப்போம். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவரின் மனம் என்ன ஆகும் என்பது நமக்குப் பாடநூலிலேயே இருக்கிறது: எரிச்சல், பதற்றம், நாளடைவில் மனச்சோர்வு. நுண்துகள் மாசுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் நோயாளியின் குறிப்பேட்டில் குடும்பம், வேலை, கடன் என்று எழுதுகிற நாம், அவர் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எழுதுவதில்லை. தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து வருகிறவர் "நெஞ்சு அடைக்குது டாக்டர், ராத்திரி கண்ணே மூட முடியல" என்று சொன்னால், பதற்ற நோய் என்று முடிவு கட்டுமுன் ராத்திரி அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டாமா?

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருக்கிறது. 2019-இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. அதே 2023-இல் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நீக்கியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை இனிச் சிறைக்கு அனுப்ப முடியாது. துன்பப்படுகிறவர் மேலேயே பழியைப் போடக்கூடாது என்று சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. "உங்கள் மனநலத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பும்போது, மெல்லிய குரலில் அதே பழியை நாம் திரும்பச் சுமத்துகிறோம். இது எனக்கு உறுத்துகிறது.

ஜெஞ்சாரோம் மக்கள் தங்கள் மனநலத்தைப் பார்த்துக்கொண்ட விதம் வேறு. அவர்கள் கூடிப் பேசினார்கள், ஆலைகளின் இருப்பிடங்களைத் தாங்களே தேடிக் கண்டறிந்தார்கள், புகார் மேல் புகார் கொடுத்தார்கள், செய்தியாளர்களை அழைத்துக் காட்டினார்கள். 2019 மே மாதம் கழிவுக் கொள்கலன்களை அவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அரசு அறிவித்ததில் அந்த உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தன் நிலைமை தன் கையை மீறிவிட்டது என்ற எண்ணம் மனச்சோர்வை எப்படி வளர்க்கும் என்று நமக்குத் தெரியும். அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஒரு மனுவில் கையெழுத்திடுவதும் அந்த எண்ணத்தைத் தளர்த்தும் என்றே நான் கருதுகிறேன். மருந்துக்கும் ஆலோசனைக்கும் அது மாற்றாகாது. அவற்றோடு சேர வேண்டியது.

ஆகவே கிள்ளான், பந்திங், பிரிக்பீல்ட்ஸ் என எங்கு பணிபுரிந்தாலும், முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். இரவில் வீட்டுக்குள் என்ன நெடி, என்ன சத்தம் வருகிறது? எப்போதிலிருந்து? அக்கம்பக்கத்தில் வேறு யாருக்கும் இதே தொல்லை உண்டா? ஒரே குடியிருப்பிலிருந்து ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால், பெயர்களை நீக்கிவிட்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதுங்கள். எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.