ஒரு கையெழுத்தில் போன உரிமை

2025 ஜனவரி 21ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். 1965 செப்டம்பர் 24ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் பிறப்பித்திருந்த 11246ம் எண் உத்தரவு அதோடு ரத்தாகிவிட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் அமுலில் இருந்த ஓர் ஏற்பாடு இது. அதை ஒழிக்கக் காங்கிரஸில் விவாதம் நடக்கவில்லை, ஓட்டெடுப்பு நடக்கவில்லை. ஒரு பேனா போதுமாயிருந்தது.

அந்தப் பழைய உத்தரவு அப்படி என்ன புரட்சி செய்துவிட்டது? சர்க்கார் காண்டிராக்டுகளைப் பெற்று லாபம் குவிக்கும் கம்பெனிகள் நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைப் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்றது. 1967ல் பெண்களையும் இதில் சேர்த்தார்கள். சும்மா ஒதுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, இதுவரை ஒதுக்கப்பட்டு வந்தவர்களை வேலைக்குச் சேர்க்க முதலாளி தானே முயன்று நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இதற்குத்தான் ‘அஃபர்மேடிவ் ஆக்‌ஷன்’ என்று பெயர். இத்தனை இடம் இன்னாருக்கு என்ற கோட்டா அதில் கிடையாது. இலக்கு ஒன்று வைத்து, அதை நோக்கி என்ன செய்தோம் என்று பெரிய காண்டிராக்ட் கம்பெனிகள் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இத்தகைய கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள்.

1964ம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி, அநீதிக்கு ஆளானவர் புகார் கொடுத்து, வழக்காடி, சாட்சி தேடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வேலையே கிடைக்காதவன் எந்தப் பணத்தைக் கொண்டு எந்த வக்கீலை வைப்பான்? ஜான்சன் உத்தரவு அந்தச் சுமையில் ஒரு பகுதியை முதலாளியின் தோளில் ஏற்றியது. அதை இறக்கி வைத்ததுதான் டிரம்ப் செய்த காரியம்.

புதிய உத்தரவின் தலைப்பிலேயே ‘தகுதி’ என்ற சொல் இருக்கிறது. தகுதி அடிப்படையிலான வாய்ப்பை மீட்கிறார்களாம்! இந்தப் பாட்டு நமக்குப் புதிதல்ல. 1990 ஆகஸ்டில் மண்டல் கமிஷன் சிபாரிசை ஏற்று வி.பி. சிங் சர்க்கார் 27 சதவீத ஒதுக்கீட்டை அறிவித்தபோது டில்லித் தெருக்களில் எழுந்த கூக்குரலும் இதே சொல்லைத்தான் கொண்டிருந்தது. எனவே இந்தத் ‘தகுதி’ அமெரிக்காவின் ஆலை வாசல்களில் எப்படி வேலை செய்தது என்று பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

வட கரோலினாவில் ட்யூக் மின் கம்பெனிக்கு ஒரு மின் நிலையம் இருந்தது. அங்கே 95 தொழிலாளர். அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். அந்த 14 பேரும் ஒரே பகுதியில், அதாவது கூலி வேலைப் பகுதியில்தான் இருந்தார்கள். அந்தப் பகுதியின் மிக உயர்ந்த சம்பளம், மற்றப் பகுதிகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. சிவில் உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு 1965 ஜூலை 2ந் தேதி அமுலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி எழுத்துப் பரீட்சைகளைப் புகுத்தியது. நல்ல வேலைக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் வேண்டும், பரீட்சையிலும் தேற வேண்டும். ஆனால் சான்றிதழ் இல்லாமலே முன்னர் அந்த வேலைகளில் சேர்ந்திருந்த வெள்ளைத் தொழிலாளர்கள் ஒரு குறையுமின்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள்! வேலைக்குத் தேவையில்லாத ‘தகுதி’யைக் காட்டிக் கதவை அடைக்கக் கூடாது என்று 1971ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அதைவிடவும் தொழிலாளி வர்க்கம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, லூசியானாவில் கிராமர்சி என்ற ஊரிலிருந்த கெய்சர் அலுமினிய ஆலையின் கதை. அந்த வட்டாரத் தொழிலாளரில் 39 சதவீதம் கறுப்பின மக்கள். ஆலையின் திறன் தொழிலாளர் 273 பேரில் கறுப்பினத்தவர் ஐந்தே பேர். காரணம் என்ன? முன் அனுபவம் உள்ளவர்களையே வெளியிலிருந்து எடுப்போம் என்றது நிர்வாகம். அனுபவம் எங்கே கிடைக்கும்? கைத்தொழில் சங்கங்கள் மூலம். அந்தச் சங்கங்களோ கறுப்பினத் தொழிலாளரை நெடுங்காலம் உள்ளே விடவே இல்லை. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. தொழிற்சங்கம் என்ற பெயரில் சக தொழிலாளியின் முகத்தில் கதவைச் சாத்தியவர்கள் அமெரிக்க இயக்கத்துக்கு இழைத்த தீங்கு கொஞ்சநஞ்சமல்ல.

அது சர்க்கார் காண்டிராக்ட் பெறும் கம்பெனி. ஜான்சன் உத்தரவின் பேரில் அதிகாரிகள் வந்து கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 1974ல் எஃகுத் தொழிலாளர் சங்கம் நிர்வாகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. இனி திறன் தொழிலாளரை வெளியிலிருந்து மட்டும் தேட வேண்டாம். ஆலையிலேயே உற்பத்தி வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்போம். பயிற்சி இடங்களில் பாதி கறுப்பினத்தவருக்கு. வட்டார விகிதத்தை எட்டும் வரை இந்த ஏற்பாடு. முதலாண்டில் எடுக்கப்பட்ட 13 பேரில் 7 பேர் கறுப்பினத்தவர், 6 பேர் வெள்ளையர். தன்னைவிட சர்வீஸ் குறைந்தவரை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வெள்ளைத் தொழிலாளி கோர்ட்டுக்குப் போனார். 1979ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஒப்பந்தம் செல்லும் என்றது.

வழக்குப் போட்ட அந்தத் தொழிலாளியை நாம் தூற்றவில்லை. ஆனால் அவர் பார்க்கத் தவறிய ஒன்று உண்டு. அந்த ஒப்பந்தம் வருவதற்கு முன்பு அவருக்கும் அந்தப் பயிற்சி கிடையாது! உற்பத்திப் பகுதியில் உழைத்த வெள்ளையருக்கும் அந்தக் கதவு மூடியே இருந்தது. கறுப்பினத் தொழிலாளருக்காகத் திறந்த கதவு வழியாகத்தான் ஆறு வெள்ளையரும் உள்ளே போனார்கள். ஒதுக்கீடு ஏழை வெள்ளையனின் சோற்றைப் பிடுங்குகிறது என்று முதலாளிப் பத்திரிகைகள் எழுதும்போது இந்த ஆறு பேர் கணக்கில் வருவதில்லை.

இதில் சிக்கலே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆட்குறைப்பு வரும்போது கடைசியில் சேர்ந்தவன் முதலில் வெளியேற வேண்டும் என்பது சங்கங்கள் போராடிப் பெற்ற விதி. புதிதாகச் சேர்ந்த கறுப்பினத் தொழிலாளரே அதற்கு முதல் பலியாகிறார்கள். மெம்பிஸ் நகரத் தீயணைப்பு ஊழியர் வழக்கில் 1984ல் சுப்ரீம் கோர்ட் சீனியாரிட்டியின் பக்கம்தான் நின்றது. சுருங்கிக்கொண்டே போகும் வேலையைப் பங்கு போடச் சொன்னால் தொழிலாளியும் தொழிலாளியும் மோதிக்கொள்வார்கள். சுருக்கியவன் வேடிக்கை பார்ப்பான். ஒதுக்கீட்டுக் கோரிக்கையையும் ஆட்குறைப்பு எதிர்ப்பையும் தனித்தனியே நடத்த முடியாது என்பது இதனால்தான்.

இந்த உரிமையின் பிறப்பையும் நினைவுபடுத்த வேண்டும். 1941ல் கறுப்பின ரயில்வே போர்ட்டர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ப், வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தார். ரூஸ்வெல்ட் பணிந்தார், யுத்தத் தளவாடத் தொழில்களில் இன ஒதுக்கல் கூடாது என்று உத்தரவிட்டு, கண்காணிக்க ஒரு கமிட்டியும் அமைத்தார். யுத்தம் முடிந்தது, தொழிலாளரின் அவசரத் தேவை தீர்ந்தது, 1946ல் கமிட்டியை இழுத்து மூடினார்கள். 2025ல் நடந்ததற்கு முன்மாதிரி அன்றே இருந்தது.

நம் நாட்டுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 16(4)வது பிரிவு சர்க்கார் உத்தியோகங்களுக்கு மட்டுமே இடஒதுக்கீடு தருகிறது. தனியார் துறைக்கு அது எட்டாது. தனியார் துறையிலும் ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை 2004க்குப் பின் வலுத்தபோது, சிஐஐ, அசோசாம் ஆகிய முதலாளிகள் சங்கங்கள் 2006ல் என்ன பதில் சொல்லின? சட்டம் வேண்டாம், நாங்களே மனமுவந்து செய்கிறோம் என்றன. அதற்கு அவை சூட்டிய பெயரும் அமெரிக்காவிலிருந்து கடன் வாங்கிய அதே ‘அஃபர்மேடிவ் ஆக்‌ஷன்’தான்! நடத்தை விதிகள் என்று ஒரு காகிதமும் வந்தது. அமெரிக்காவிலாவது ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று பின்னால் நின்றது. இங்கே அதுவும் இல்லை. கம்பெனியின் மனம்தான் உத்தரவாதம்.

இதற்கிடையில் சர்க்கார் வேலையும் கரைகிறது. காண்டிராக்டரிடம் ஒப்படைத்த வேலைக்கு ரோஸ்டர் ஏது? மத்திய சர்க்காரின் உயர் பதவிகள் 45க்கு ஒதுக்கீடு இல்லாமலே வெளியாட்களை எடுக்க 2024 ஆகஸ்ட் 17ந் தேதி விளம்பரம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் வாபஸ் வாங்கினார்கள்.

தனியார் துறை ஒதுக்கீட்டுக்குப் பார்லிமெண்டில் சட்டம் வேண்டும். சட்டம் வரும் வரை சங்கங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிராமர்சித் தொழிலாளர் சட்டத்துக்குக் காத்திராமல் ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் அடுத்த சம்பள ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது, நிரந்தர வேலையிலும் பயிற்சியிலும் தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர், காண்டிராக்ட் வேலையில் எத்தனை பேர் என்ற கணக்கை நிர்வாகத்திடம் முதல் நாளே கேட்க வேண்டும்.