நாங்களே செய்த ஸ்பீக்கர் பெட்டி



வடாம், வற்றல், தையல் என்று எழுதிக்கொண்டிருந்தவள் இந்தத் தடவை மரம், திருகாணி, ஒயர் என்று ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் என் மகளின் காது.

ஒன்பதாவது படிக்கிறாள். எந்நேரமும் காதில் இயர்போன்தான். ஒரு நாள் ராத்திரி, "அம்மா, காதுக்குள்ள 'ஙொய்'னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்மா" என்று வந்து நின்றாள். பதறிப்போய்க் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல வேளை, கேட்கும் சக்தி குறையவில்லை. ஆனால் டாக்டர் சொன்னது வயிற்றைக் கலக்கிவிட்டது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள்தான் சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புகின்றனவாம். ஓயாத பெருஞ்சத்தத்தில் அவை அழிந்துபோனால் மறுபடி முளைக்காதாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் பெரியவர்களுக்கே வாரம் 4 மணி நேரம்தான்!

வந்ததும் இயர்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள், "அப்ப நான் பாட்டே கேட்கக் கூடாதா?" என்றாள். நியாயமான கேள்விதானே? கடையில் நல்ல ஸ்பீக்கர் ஜோடி ஒன்றுக்கு விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தோம்.

வழி சொன்னவர் என் மாமியார். "அந்தக் காலத்து டீக்கடையில பானை வாயில ஸ்பீக்கரை வச்சுக் கட்டி எப்படிப் பாடவிட்டாங்க! நீங்களும் பண்ணிப் பாருங்களேன்" என்றார்.

அந்தப் பானையில்தான் ரகசியமே இருக்கிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது. அதே நேரம் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. முன் சத்தமும் பின் சத்தமும் சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிருதங்கத்தின் 'தொம்' காணாமல் போய்விடும். பின்னால் வரும் சத்தத்தைப் பானை அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். நம் காரைக்காலை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போன அதே 1954-ல், அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பவர், காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டியிலும் கனமான நாதம் வரும் என்று செய்து காட்டினார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கூம்பைத் தாங்குமாம். ஆகவே விலை உயர்ந்த ஸ்பீக்கரைவிட, ஒழுங்காக அடைத்த பெட்டிதான் முக்கியம்.

பானைக்குப் பதில் நாங்கள் மரப்பெட்டி செய்தோம். அளவு இதோ. முக்கால் அங்குல பிளைவுட். ஒரு பெட்டிக்கு முன், பின் பலகைகள் 12க்கு 7 அங்குலம். மேல், கீழ் 7க்கு ஆறரை. பக்கவாட்டில் பத்தரைக்கு ஆறரை. எல்லாம் இரண்டிரண்டு. உள்ளே சுமார் 6 லிட்டர் இடம், நம் பெரிய குக்கர் அளவு. நம் ஊர் உப்புக் காற்றுக்குச் சாதாரண பிளைவுட் ஊதிப்போகும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் நல்லது. மரக்கடையில் மிஞ்சிய துண்டுகளாகக் கேட்டால் மலிவாகக் கிடைக்கும்.

ஸ்பீக்கர் 4 அங்குலம், 8 ஓம், 'ஃபுல் ரேஞ்ச்' என்று கேட்டு வாங்குங்கள். கனக் குரல், கீச்சுக் குரல் இரண்டையும் அதுவே பாடும் என்பதால் முதல் தடவைக்கு இதுதான் சுலபம். கூடவே புளூடூத்தும் எஃப்.எம்.மும் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர், அதற்கு 12 வோல்ட் அடாப்டர். வீட்டு மின்சாரத்தில் நாமாகக் கை வைக்கும் வேலையே வேண்டாம்.

ஓட்டை போடுவதில்தான் நான் கோட்டை விட்டேன். ஸ்பீக்கரின் வெளி விளிம்பை அளந்து ஆசாரியிடம் சொல்ல, வெட்டிய ஓட்டை வழியே ஸ்பீக்கர் 'பொதக்'கென்று உள்ளே விழுந்துவிட்டது! விளிம்பு மரத்தின் மேல் உட்கார வேண்டும்; உள் கூடை நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. ஒரு பலகை வீண்.

பலகைகளை ஃபெவிகால் தடவித் திருகாணியால் இறுக்கி ஓர் இரவு காயவிட்டோம். உள் மூலைகளில் இன்னொரு முறை ஃபெவிகால் பூசினோம். ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சுப் பட்டை. எங்கும் காற்றுக் கசியக் கூடாது. பழைய தலையணைப் பஞ்சை உதிர்த்து லேசாக உள்ளே பரப்பினோம், திணிக்கக் கூடாது. முன்பக்கத்துக்கு என் பழைய வாயில் சேலைத் துணி. ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போகிற துணியாக இருக்கட்டும். கைக்குழந்தை உள்ளவர்கள் பெட்டியைக் கைக்கு எட்டாமல், விழாமல் வையுங்கள்.

முதல் நாள் பாட்டுப் போட்டால் சத்தத்தில் தெம்பே இல்லை. "பாடுறவ எங்கடி நிக்கிறா? ரெண்டு பக்கமும் ஓடுறாளே" என்றார் மாமியார். மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு பெட்டியில் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோம்! ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். இரண்டு பெட்டிக்கும் பிளஸ்ஸுக்குப் பிளஸ் கொடுத்ததும், பாடுகிறவள் நடுக்கூடத்தில் வந்து நின்றுவிட்டாள்.

வைக்கும் இடம் மூன்று புள்ளிக் கோலம் மாதிரி. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஐந்தடி, நாம் உட்காருவதும் அதே ஐந்தடி தூரத்தில். காது உயரத்துக்கு இருக்கட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் சத்தம் குமுறும்.

செலவு: பிளைவுட் 450, ஸ்பீக்கர் இரண்டு 900, ஆம்ப்ளிஃபயரும் அடாப்டரும் 850, ஒயர், திருகாணி, ஃபெவிகால் 250, ஆசாரி கூலி 300. ஆக 2,750 ரூபாய்.

ஸ்பீக்கர் வந்துவிட்டது என்று அலறவிட்டால் அதுவும் காதுக்குக் கெடுதிதான். பாட்டு ஓடும்போதே சாதாரணக் குரலில் பேசினால் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு.

இப்போது காலையில் மாமியாருக்குக் காரைக்கால் வானொலி 100.3, சாயங்காலம் மகளுக்கு அவள் பாட்டு. முன்பெல்லாம் அவள் என்ன கேட்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. இப்போது அடுப்படியில் நானும் சேர்ந்து முணுமுணுக்கிறேன். காதில் 'ஙொய்' சத்தம் நின்றுவிட்டது. மாங்கனித் திருவிழாவுக்கு வந்த நாத்தனார், "அண்ணி, எனக்கும் ஒரு ஜோடி" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இந்த முறை ஓட்டை அளவை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் ஆசாரியிடம் போவேன்!