நுகத்தை வெட்டி அடுப்பில் வைக்காதீங்க

தோட்டம் வாங்கினவங்க பழைய ஃபோர் வீல் ஜீப்பும் வாங்குறாங்க. நல்லது. ஆனா வண்டி பட்டறைக்குப் போனதும் ஒரு யோசனை வரும்: "சார், முன் ஷாஃப்டைக் கழட்டிப் போடுங்க, டீசல் மிச்சம்." இதை ஒத்துக்காதீங்கன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாலு சக்கரமும் எந்நேரமும் இழுக்கணும்னு நான் சொல்லல. வளைவுல திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் ஓடும். ரெண்டையும் இறுக்கிக் கட்டிட்டு தார் ரோட்டுல ஓட்டினா ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், கியர் பெட்டி முறுக்கிக்கும். அதனாலதான் எந்நேரமும் நாலு சக்கரம் இழுக்கிற வண்டியில நடுவுல ஒரு டிஃபரன்ஷியல் வைப்பாங்க.

அமெரிக்காவுல 1970-கள்ல சிவர்லே, டாட்ஜ், ஃபோர்டு பிக்கப் லாரிகள்ல இப்படித்தான் என்.பி.203-ங்கற பெட்டி வந்தது. கனமான பெட்டி, உள்ள சங்கிலி. முன் அச்சு ஓயாம சுத்தும், எண்ணெயும் அதிகம் குடிக்கும். 1980 வாக்குல கம்பெனிக்காரங்களே பகுதிநேரப் பெட்டிக்கு மாறிட்டாங்க. பழைய லாரி வச்சிருந்த விவசாயிங்க என்ன செஞ்சாங்க? முன் அச்சைத் தூக்கி எறியல. நடு டிஃபரன்ஷியலை எடுத்துட்டு நேரடியா இணைக்கிற பாகம் போட்டாங்க. முன் சக்கரத்துல கையால திருப்புற ஃப்ரீ வீல் ஹப் மாட்டினாங்க. ரெண்டு வேலையும் சேர்த்துச் செய்யணும். ஹப்பை மட்டும் மாட்டி விடுவிச்சா, டிஃபரன்ஷியல் லாக் போடாத வண்டியில பவர் எல்லாம் சும்மா சுத்துற பக்கம் போயிடும், வண்டி நகராது.

நம்ம பழைய மஹிந்திரா ஜீப்பும் ஜிப்ஸியும் பிறவியிலேயே பகுதிநேரம்தான். லீவர் போட்டாத்தான் முன் சக்கரம் இழுக்கும். அப்புறம் எதுக்கு ஷாஃப்டைக் கழட்டுறது? ஹப் இல்லாத வண்டியில ஷாஃப்டைக் கழட்டினாலும் சக்கரம் ஓடும்போது உள் ஆக்சிலும் முன் கிரவுனும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். மிச்சம் சொற்பம். நிஜமா மிச்சம் வேணும்னா ஹப் போடுங்க.

இன்னொரு கூத்தும் உண்டு. கழட்டின ஷாஃப்ட் இரும்புக் கடைக்குப் போகும், வண்டி மட்டும் "ஃபோர் பை ஃபோர்"னு கைமாறும். வாங்கினவர் முதல் மழைக்கு ஓடையில நிப்பாரு. நம்ம ஊர்ல அப்படி நிக்கிறது விளையாட்டு இல்ல. மலையில இருந்து காய்கறி மூட்டை இறக்கறதும், பிரசவ வலி எடுத்த பொண்ணை ரோட்டுக்குக் கொண்டு வர்றதும் இதே வண்டிதான். ஆம்புலன்ஸ் தார் ரோடு முடியற இடத்துல நின்னுக்கும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. முன் ஷாஃப்ட் இருக்கான்னு கண்ணால பாருங்க. சேத்துல இறக்கி, ஹப்பைத் திருப்பி, லீவர் போட்டு, முன் சக்கரம் இழுக்குதான்னு பார்த்துட்டு காசு கொடுங்க. வாங்கின பிறகு மாசம் ஒரு தடவையாவது ஹப்பை லாக் பண்ணிட்டு மண் பாதையில கொஞ்ச தூரம் ஓட்டுங்க, முன் கிரவுன்ல எண்ணெய் பரவும். சேறு வர்றதுக்கு முன்னாடியே லீவரைப் போடணும், மாட்டின பிறகு இல்ல.

உழவு முடிஞ்சா நுகத்தைக் கழட்டிட்டுத்தான் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுறோம். அதுக்காக நுகத்தை வெட்டி அடுப்புல வைக்கிறோமா? அடுத்த மழைக்கு உழவு இருக்குய்யா.