இன்டர்னல் மார்க் யாருடைய ரகசியம்?

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை)



செமஸ்டரில் கோட்டை விட்டால் அரியர் எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். இன்டர்னலில் போனது போனதுதான். அந்த இன்டர்னல் மார்க்கும் அட்டென்டன்ஸும் முன்பெல்லாம் சாரின் கக்கத்தில் இருக்கும் நீள ரிஜிஸ்டரில் இருந்தன. சார் அசந்த நேரம் எட்டியாவது பார்த்துவிடலாம்! இப்போது அவை கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டன. பாஸ்வேர்டு சாரிடம். நமக்கு? செமஸ்டர் முடிகிற சமயத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற ஒரு தாள்.

இது கம்ப்யூட்டரின் குணமா, நம்ம ஆட்களின் குணமா?

கம்ப்யூட்டரின் குணம் இல்லை என்று அடித்துச் சொல்வேன். அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய பவர்ஸ்கூல், பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே மார்க்கைப் பார்க்க வழி செய்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கிய மூடில் 2002-ல் வந்தது. காசு கொடுக்காமலே எந்தக் கல்லூரியும் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு மாணவனுக்கும் தன் மார்க்கைப் பார்க்கத் தனிப் பக்கம் உண்டு. கூகுள் கிளாஸ்ரூம் 2014-ல் வந்தது. 2020-ல் கொரோனா வந்து நம்மில் பலரை அதற்குள் தள்ளியது. சார் திருத்தித் திருப்பி அனுப்பினால் மார்க் நம் கண்ணுக்குத் தெரியும். ஆக, ஜன்னல் வைத்துத்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். சாத்தி வைத்திருப்பது நாம்தான்.

சரி, பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மூன்று அசைன்மென்ட், ஒவ்வொன்றுக்கும் 10 மார்க். ஒருவன் முதலில் 8, அடுத்து 9 வாங்கினான். மூன்றாவதையும் கொடுத்துவிட்டான், ஆனால் அது இன்னும் ஏறவில்லை, கட்டம் காலியாக இருக்கிறது. காலிக் கட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால் 20-க்கு 17, அதாவது 85 சதவீதம். காலி என்றால் பூஜ்யம் என்று சொன்னால் 30-க்கு 17, வெறும் 57 சதவீதம்! அதே பையன், அதே உழைப்பு. மூடிலில் இந்த இரண்டில் எது வேண்டும் என்பது ஒரு சின்ன டிக். அதைப் போட்டவருக்கே சில நேரம் ஞாபகம் இருக்காது. கம்ப்யூட்டர் கூட்டலில் தப்பு செய்யாது என்கிறார்கள். வாஸ்தவம். கூட்டச் சொன்னதில் தப்பு இருந்தால் அதையும் தப்பில்லாமல் கூட்டிக் கொடுத்துவிடும்.

சார்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பாடு எனக்குத் தெரியும். ஒரே மார்க்கை ரிஜிஸ்டரில் ஒரு தடவை, எக்ஸெல்லில் ஒரு தடவை, போர்ட்டலில் ஒரு தடவை என்று மூன்று தடவை எழுதுகிறார்கள். அறுபது பேருக்கு மூன்று தடவை எழுதினால் எங்கேயாவது ஒரு வரி தள்ளிப்போகத்தான் செய்யும். அதைச் சட்டென்று கண்டுபிடிக்கக்கூடிய ஆள் அந்த மார்க்குக்குச் சொந்தக்காரன். அவனுக்குத்தான் காட்டுவதில்லை!

வீட்டுக்குப் போகும் எஸ்.எம்.எஸ். கதை தனி. ரத்ததான முகாமுக்காக சாரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். ரிஜிஸ்டரில் ஓ.டி. விழுந்தது, கம்ப்யூட்டரில் ஆப்சென்ட். உடனே அப்பா போனுக்கு "யுவர் வார்டு ஈஸ் ஆப்சென்ட்" என்று இங்கிலீஷில் மெசேஜ். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறவர். டீக்கடைப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்ததில் அவருக்குப் புரிந்தது 'வார்டு' ஒன்றுதான். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். அப்புறம் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அந்த ஆப்சென்ட் சரியாவதற்கு இரண்டு வாரம் நடந்தேன்.

படித்த அப்பா உள்ள பையனுக்கு அவர் ஒரு போன் போட்டு ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டுவிடுவார். எனக்கும் என்னைப் போன்ற பலருக்கும் கேட்க ஆள் கிடையாது. நாமே பார்த்து நாமே கேட்டால்தான் உண்டு. திரை திறந்திருந்தால் அந்தப் பையனும் நானும் ஒரே வரிசையில் நிற்போம்.

அமெரிக்காவில் 1974-லேயே ஃபெர்பா என்று ஒரு சட்டம் போட்டார்கள். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்கள் மாணவனின் பதிவேட்டைக் கேட்டால் காட்ட வேண்டும். தப்பாக ஏறியதைத் திருத்தச் சொல்லலாம். ("சார் கம்மியா போட்டுட்டார்" என்ற சண்டைக்கு அது உதவாது!) பள்ளியில் பெற்றோருக்கு இருக்கும் அந்த உரிமை, பிள்ளைக்கு 18 வயது ஆனதும் பிள்ளைக்கே வந்துவிடும். எனக்கு இப்போது 18. நம் நாட்டிலும் 2011-ல் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம், பரீட்சை எழுதியவர் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. விடைத்தாளே பார்க்கலாம் என்றால், அசைன்மென்ட் மார்க் என்ன தங்கச் சுரங்கமா?

திறந்துவிட்டால் திருடு போகும் என்பார்கள். போகத்தான் செய்கிறது. 2024 டிசம்பரில் அதே பவர்ஸ்கூலில் மாணவர்கள், ஆசிரியர்களின் விவரங்களைக் கொத்தாகத் திருடினார்கள். மாட்டியவன் 19 வயதுக் கல்லூரி மாணவன், நம்ம வயசு! ஆனால் அவன் நுழைந்தது மாணவர் மார்க் பார்க்கிற ஜன்னல் வழியாக அல்ல, திருட்டுப் பாஸ்வேர்டு வழியாக. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டாமல் இருந்தால் போதும் என்று சில ஆபீஸ் அறைகளைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

அரை மார்க்குக்கெல்லாம் பையன்கள் ஸ்டாஃப் ரூமை மொய்ப்பார்கள் என்று ஒரு சார் என்னிடம் சொன்னார். மொய்ப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு வாரம் என்று கெடு வைக்கட்டும்.

இந்த ஆண்டு யூனியன் முதல்வரிடம் கொடுக்கப் போகும் மனுவில் ஹாஸ்டல் தண்ணீருக்கும் பஸ் நேரத்துக்கும் பக்கத்தில் இதையும் சேர்க்கச் சொல்கிறேன்: இன்டர்னல் மார்க்கைப் பூட்டுவதற்கு முன் ஏழு நாள் அவரவர் மார்க்கை அவரவருக்குத் திறந்து காட்ட வேண்டும், மாற்றினால் யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்பது தெரிய வேண்டும். வீட்டுக்குப் போகும் மெசேஜ் தமிழில் போக வேண்டும். கையெழுத்து வாங்க வகுப்புக்கு வருவோம், பேனாவோடு இருங்கள்.