வாசலில் காத்திருந்த மணி

கோவை சிங்காநல்லூரில் வசிக்கும் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் ஒரே வீட்டில் இருக்கின்றனர். பெரியவருக்கு 75 வயது, அவருடைய துணைவியாருக்கு 70. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். பேரனுக்கு இரண்டு வயது நிறைந்து மூன்று மாதம் ஆகிறது. குழந்தை பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, மழைநாளில் வாசற்படிக்கு வந்து ஒண்டிய நாட்டு நாய்க்குட்டி ஒன்றும் அவ்வீட்டிலேயே வளர்ந்துவிட்டது. அதற்கு மணி என்று பெயர்.

சென்ற தை மாதத்தில் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் நான்கு இரவுகள் கண்விழித்த பாட்டியம்மாள், குணமானால் அவிநாசியப்பருக்குப் பாலாபிஷேகம் செய்விப்பதாக வேண்டிக்கொண்டார். அவர் பிறந்த வீடு அவிநாசியை அடுத்த சேவூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தம்பியின் குடும்பம் இன்றும் அங்கே வேளாண்மை செய்கிறது. ஆகவே வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவிநாசியில் வேண்டுதலை நிறைவேற்றி, இரவு தோட்டத்தில் தங்கி, மறுநாள் திருமுருகன்பூண்டியையும் தரிசித்துத் திரும்புவது என்று முடிவாயிற்று.

மணியை என்ன செய்வது என்பதில்தான் வழக்கு எழுந்தது.

"ரெண்டு நாளைக்கு அதைத் தனியா உட்டுட்டுப் போக முடியாதுங்க அத்தை. சோறு தண்ணி யாரு வெப்பாங்க?" என்றாள் மருமகள்.

"கோயிலுக்குப் போறப்ப நாயைக் கூட்டிக்கிட்டா போறது? எங்கூட்டுல நாய் தொண்டுப்பட்டிய உட்டு வாசலுக்கு வந்ததில்லை. அது பட்டியிலதான் இருக்கோணும்" என்றார் பாட்டியம்மாள்.

அவர் சொன்னதிலும் தவறில்லை. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நாய்க்கு மதிப்பு உண்டு. ஆட்டுப்பட்டிக்கும் மாட்டுக்கும் அதுதான் காவல். ஆனால் அதற்குரிய இடமும் எல்லையும் வரையறுக்கப்பட்டிருந்தன. மடியில் வைத்துக் கொஞ்சுவதும், வண்டியில் இடம் கொடுப்பதும் நகரத்து வாழ்க்கை கற்றுக்கொடுத்த புதுப்பழக்கங்கள். மணியை அவர் ஒருநாளும் அடித்ததில்லை, தொட்டதும் இல்லை. பெரியவர் இரு பக்கமும் பேசாமல் செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். நாற்பத்தெட்டு ஆண்டு இல்லறம் கற்பித்த விவேகம் அது.

முடிவில் மணி பின்னிருக்கையின் அடியில் பழைய போர்வை ஒன்றின்மேல் இடம்பெற்றது. சின்னியம்பாளையம், நீலாம்பூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர் என்று அவிநாசிச் சாலையில் வண்டி சென்றது. குழந்தை வழிநெடுகத் தன் ரொட்டித் துண்டுகளில் பாதியைக் கீழே நீட்டிக்கொண்டே வந்தான்.

கோயிலை அடைந்தபோது காலை பத்து மணி. மகன் வெளியே நாயுடன் இருப்பது, மற்றவர்கள் உள்ளே செல்வது என்பதே ஏற்பாடு. ஆனால் சங்கல்பத்துக்கு நேரமாகிவிட்டது, குழந்தையின் தகப்பனாரும் அமரவேண்டும் என்று உள்ளிருந்து அழைப்பு வந்தது. "பத்து நிமிஷந்தானே" என்று அவன் வண்டியை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை நான்கு விரற்கடை இறக்கிவிட்டு, மணியை உள்ளேயே விட்டுச் சென்றான். சன்னிதிக்குள் நேரம் போவது யாருக்குத் தெரிகிறது? பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று. வேப்பமரத்தின் நிழல் நகர்ந்துவிட்டது.

உள்ளே திரவியங்கள் ஒவ்வொன்றாக அபிஷேகம் ஆகிக்கொண்டிருந்தன. குழந்தைக்குப் பொறுமை தீர்ந்தது. "மணி, மணி" என்று அழத் தொடங்கினான். அர்ச்சகர் கையில் இருந்த மணியைக் கேட்கிறான் என்றே அருகில் நின்றவர்கள் எண்ணினர். பாலாபிஷேகம் தொடங்கச் சற்று நேரம் இருக்கிறது என்று கணக்கிட்ட பாட்டியம்மாள், அவனைச் சமாதானப்படுத்த இடுப்பில் எடுத்துக்கொண்டு கோபுர வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, அந்தக் காரு உங்களுதுங்களா? உள்ள நாயி ஒரு மாதிரியா மூச்சு வாங்குதுங்க" என்றாள் பூ விற்கும் பெண்.

அம்மையார் ஓடினார் என்றே சொல்லவேண்டும்; முழங்கால் வலி அப்போது நினைவுக்கு வரவில்லை. மணியின் நாக்கு முழுநீளம் தொங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து கோழை வழிந்தது. கண்கள் நிலைகுத்தியிருந்தன. சாவி மகனிடம். பூக்காரப் பெண் தன் மகளை உள்ளே விரட்டினாள். மகன் வந்து கதவைத் திறந்தபோது மணியால் காலூன்ற முடியவில்லை. பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த குடத்து நீரை அந்தப் பெண் அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். நிழலில் கிடத்தி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் நீரை விட்டு, துண்டை நனைத்து விசிறினர்.

அந்நேரம் உள்ளிருந்து நாதசுர ஓசை எழுந்தது.

"அம்மா, பாலாபிஷேகம் ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க போங்க. நீங்க வேண்டிக்கிட்டது. நான் பாத்துக்கறேன்" என்றான் மகன்.

"நீ போ. கொழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போய் உம்பட கையில பாலைக் குடு. நான் இங்க இருக்கறேன்" என்றார் அவர். மணியின் தலை அவர் மடியில் இருந்தது.

நான்கு மாதமாக எண்ணி எண்ணிக் காத்திருந்த அபிஷேகத்தை அந்த அம்மையார் காணவில்லை. கோபுரத்தை நோக்கிக் கைகூப்ப முயன்றார். ஒரு கை ஈரத்துண்டைப் பிடித்திருந்ததால் அதுவும் அரைக்கும்பிடாகவே முடிந்தது.

இது முறைதானா, தெய்வத்துக்கு நேர்ந்ததை ஒரு நாய்க்காக விட்டுவிடலாமா என்று அன்று மாலை தோட்டத்தில் உறவினர் சிலர் கேட்டனர். கேட்கத்தக்க கேள்விதான். அதற்கு விடை தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. அவர் அமர்ந்திருந்த ஊரே அந்த விடைக்குப் பெயர்பெற்றது.

திருப்புக்கொளியூர் என்பது அவிநாசியின் பழம்பெயர். கொங்கு நாட்டின் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று. சேரமான் பெருமாளைக் காண மலைநாடு நோக்கிச் சென்ற சுந்தரமூர்த்தி சுவாமிகள் இவ்வூர் வீதியில் நடக்கையில், ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகுரலும் கேட்டார். காரணம் வினவினார். ஒத்த வயதுடைய இரு சிறுவர் முன்னொரு நாள் மடுவில் நீராடச் சென்றனர். ஐந்து வயதில் ஒருவனை முதலை விழுங்கிற்று. தப்பியவனுக்கு இன்று பூணூல் கல்யாணம். இழந்த வீட்டார், தம் பிள்ளையும் இருந்திருந்தால் என்று அழுகின்றனர்.

சேக்கிழார் பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கத்தில் இதைச் சொல்லும் இடம் ஊன்றிப் படிக்கத்தக்கது. சுந்தரர் வந்திருக்கிறார் என்று அறிந்ததும், அழுதுகொண்டிருந்த பெற்றோர் கண்ணீரைத் துடைத்து மலர்ந்த முகத்தோடு வந்து அடிபணிந்தனர். பிள்ளையை இழந்தவர் நீங்களா என்று கேட்டபோது, அது நடந்து முடிந்தது, தங்கள் வருகையே எங்களுக்குப் பெரும்பேறு என்று மறுமொழி கூறினர். அந்த அன்பில் சுந்தரர் நெகிழ்ந்தார். கோயில் அருகில்தான் இருக்கிறது. பெருமானைப் பணிந்து அங்கே முறையிட்டிருக்கலாம். அவரோ, இவர்களுடைய மகனை முதலை வாயிலிருந்து மீட்டுக் கொடுத்த பிறகே அவிநாசிப் பெருமானின் திருவடி பணிவேன் என்று உறுதிகொண்டு மடுவின் கரைக்குச் சென்றார். பதிகம் பாடினார். வறண்டிருந்த மடுவில் நீர் பெருகிற்று. முதலை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியும் சேர, பிள்ளை கரையேறினான். அதன் பின்னரே சுந்தரர் ஆலயத்துள் சென்று வணங்கினார்.

முதலையுண்ட பாலகன் மீண்ட அற்புதத்தைப் பேசும் அளவுக்கு இந்த முன்பின் வரிசையை நாம் பேசுவதில்லை. இறைவனுக்கே தோழராக விளங்கியவர், தரிசனத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு முதலில் குளக்கரைக்குப் போனார்.

அவரால் மீட்கப்பட்டது மனிதக் குழந்தை, இது நாய் என்று அவ்வுறவினர் சொன்னதாகக் கேள்வி. அவர்களுக்குத் தருமபுத்திரர் விடை சொல்லியிருக்கிறார். மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், பாண்டவர் ஐவரும் திரௌபதியும் அத்தினாபுரத்தை விட்டு வடக்கு நோக்கி நடக்க, ஒரு நாயும் பின்தொடர்கிறது. திரௌபதியும் தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். எஞ்சியவர் தருமரும் அந்த நாயும். இந்திரன் தேருடன் வந்து அழைக்கிறான்; நாயுடன் வருவோர்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, விட்டுவிட்டு வா என்கிறான். தம்பியரையும் மனைவியையும் விட்டுவந்தவனுக்கு ஒரு நாயை விட மனம் வரவில்லையா என்றும் குத்திக் கேட்கிறான். மாண்டவர்க்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை, உயிரோடு இருந்தவரை அவர்களை நான் விட்டதில்லை, என்னை நம்பி உடன்வந்ததை உயிர் உள்ளபோது கைவிடேன் என்பது தருமரின் பதில். அந்த நாய் தருமதேவதையே என்பது பிறகுதான் வெளிப்படுகிறது. தருமர் மறுத்தபோது அவருக்கு அது வெறும் நாய்தான்.

இதனால் நாயைப் பிராகாரத்துக்குள் அழைத்துச் செல்லலாம் என்று பொருளல்ல. ஆலயத்துக்கென்று விதிகள் உண்டு. அவற்றைக் காப்பது நம் கடமை. பைரவமூர்த்தியின் வாகனம் கல்லில் உள்ளே நிற்கட்டும். உயிருள்ளது வெளியேதான் நிற்கவேண்டும். ஆனால் வெளியே நிற்பதற்கு நிழலும் நீரும், துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். வெளியில் வெயில் 36 டிகிரி இருந்தால், அடைத்த காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய மாறுதல் இல்லை. நாய்க்கு நம்மைப்போல் உடலெல்லாம் வியர்ப்பதில்லை; மூச்சிரைத்துத்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளவேண்டும். உள்ளே இழுக்கும் காற்றே அனலாக இருந்தால் அது என்ன செய்யும்? உறங்கும் குழந்தையை எழுப்ப மனமின்றி வண்டியிலேயே விட்டுச் செல்வோரும், கால்வலி என்று வயதானவர்களைப் பின்னிருக்கையில் அமர்த்திக் கதவைச் சாத்திவிட்டுத் தரிசனத்துக்குப் போவோரும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

அன்று மணி பிழைத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் எழுந்து நின்று உடலை உதறி, பாட்டியம்மாளின் பட்டுச்சேலை முழுவதையும் நனைத்தது. அங்கிருந்தே அவிநாசியிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டினர். அவரும் பார்த்து, இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். மகன் அதன்பின் தோட்டம் சேரும்வரை வாய் திறக்கவில்லை. அவனை யாரும் கடிந்துகொள்ளவும் இல்லை.

இரவு தோட்டத்தில் மணியைத் தொண்டுப்பட்டி அருகில் கட்டச் சென்ற தம்பியைத் தடுத்து, "அது வாசல்லயே படுத்துக்கட்டும், இன்னிக்கு ஒருநாளைக்கு" என்றார் பாட்டியம்மாள். பெரியவர் அப்போதும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுமுன்னே திருமுருகன்பூண்டிக்குச் சென்றுவிட்டனர். அவிநாசியிலிருந்து திருப்பூர்ச் சாலையில் ஐந்து கிலோமீட்டர்தான். சேரமான் அளித்த பொன்னும் பொருளுமாக வந்த சுந்தரரைச் சிவபூதங்கள் வேடர் வடிவில் வழிமறித்துப் பறித்த தலம் இது. முன்பு ஒருமுறை சேரநாட்டிலிருந்து திரும்பும்போது நிகழ்ந்தது. பூண்டியில் பதிகம் பாடியபின் பறிபோன அனைத்தும் திரும்பக் கிடைத்தன.

இம்முறை முறைவைத்துக்கொண்டனர். முதலில் பெரியவரும் மகனும் மருமகளும் குழந்தையும் உள்ளே செல்வது, அவர்கள் வந்தபின் பாட்டியம்மாள் மகனை அழைத்துக்கொண்டு போவது. "நீங்க மொதல்ல போங்க அத்தை, நேத்தே பாக்க முடியாமப் போச்சு" என்று மருமகள் எவ்வளவோ வற்புறுத்தினாள். அவர் கேட்கவில்லை. மரத்தடியில் தண்ணீர்ச் செம்போடு அமர்ந்துகொண்டார். மணி அவர் காலடியில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது.

கால் மணி நேரத்தில் குழந்தை முன்னால் ஓடிவந்தான். கைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தான். அர்ச்சகர் கொடுத்த திருநீறு. பாதி வழியிலேயே சிந்திவிட்டது. மிச்சத்தில் கொஞ்சம் தன் நெற்றியிலும், கொஞ்சம் ஆத்தாவின் நெற்றியிலும் அப்பினான். பிறகு குனிந்து மணியின் மூக்கின்மேல் தேய்த்தான். அது இரண்டு முறை தும்மிற்று.

"போதும் கண்ணு" என்றார் பாட்டியம்மாள். "அப்பாரு பின்னால வர்றாங்க பாரு. அவிங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வெய்யி."