கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

மலையேற்றக் குழுவோ சைக்கிள் கிளப்போ வெளியூர் கிளம்புகிறது என்றால் முதலில் ஒரு படிவம் வரும். ‘என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன். எது நடந்தாலும் குழுவோ நிர்வாகிகளோ பொறுப்பல்ல.’ கீழே கையெழுத்து, ரத்த வகை, வீட்டு எண். இதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் சட்டம் நம்மைத் தொடாது என்று நிர்வாகிகள் பலர் நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை. அந்தத் தைரியத்தில் எச்சரிக்கை தளர்வதால் ஆபத்தான நம்பிக்கையும்கூட.

படிவத்துக்குப் பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. மலைப்பாதையில் கால் பிசகும், ஈரப் பாறை வழுக்கும். தெரிந்து ஏற்ற ஆபத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்பது பழைய சட்டக் கொள்கை. அப்படித் தெரிந்துதான் வந்தார் என்பதற்கு அந்தக் கையெழுத்து சான்றாகும். ஆனால் அவர் ஏற்றது மலையின் ஆபத்தை மட்டும்தான். வனத்துறை ‘அந்தப் பக்கம் போகாதீர்கள்’ என்று சொன்னதை வழிநடத்துபவர் மறைத்துக் கூட்டிப்போனால், அதற்கு யாரும் சம்மதித்ததாக ஆகாது. படிவத்தை ஒப்பந்தமாகப் பார்த்தாலும், பொதுநலனுக்கு முரணான நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903லேயே தீர்ப்பாகிவிட்டது. கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளை அழைத்துப்போகும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குற்ற வழக்கில் படிவம் இன்னும் பலவீனமானது. அங்கே வழக்கு நடத்துவது அரசு. இறந்தவர் போட்ட கையெழுத்து அரசைக் கட்டுப்படுத்தாது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1)படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. உயிருக்கு ஆபத்தாகும்படி அலட்சியமாக நடந்து கொடுங்காயம் விளைவித்தால், பிரிவு 125படி மூன்று ஆண்டு வரை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில், மலையேறப் போன இரண்டு குழுக்களைச் சேர்ந்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அதற்குப் பிறகு யாரும் படிவத்தைப் பற்றிப் பேசவில்லை. அனுமதி எந்தப் பாதைக்கு, போனது எந்தப் பாதை, தீப்பருவத்தில் ஏன் அனுப்பினார்கள்: இவைதான் கேள்விகளாக இருந்தன.

‘சங்கமாகப் பதிவு செய்துவிட்டோம்’ என்பது அடுத்த வாதம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்வதில் நன்மைகள் உண்டு. சங்கத்தின் கடனுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே அது ஒரு கோடு போடும். ஆனால் நீங்களே செய்த அலட்சியத்தை அந்தக் கோடு மறைக்காது. சங்கமும் தப்பாது. 1995ல் பியாஸ் ஆற்றுக்குச் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள் 14 பேர் மூழ்கி இறந்த வழக்கில், அழைத்துப்போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியும் பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். 2001ல் வந்த அந்தத் தீர்ப்பில் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் உறுதியானது.

‘நாங்கள் காசு வாங்குவதில்லை’ என்பவர்கள் நுகர்வோர் சட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். இலவசச் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்பது சரி. ஆனால் கவனமாக இருக்கும் கடமைக்குக் கட்டணம் நிபந்தனை இல்லை. உரிமையியல் நீதிமன்றமும் காவல் நிலையமும் ரசீது இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. ‘செயலாளர் ஆகாதே, யாராவது விழுந்தால் உன்னைத்தான் பிடிப்பார்கள்.’ நல்ல ஆட்கள் பலர் இதற்குப் பயந்தே பொறுப்புக்கு வருவதில்லை. இதையும் நான் மறுக்கிறேன். பதவியில் இருந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆவதில்லை. டாக்டர் ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு குற்றவியல் தண்டனைக்குப் போதாது, கடுமையான அலட்சியம் வேண்டும் என்றது. அது மருத்துவர் வழக்குதான். ஆனாலும் இந்த வேறுபாடு எல்லோருக்கும் முக்கியம். முதல் தகவல் அறிக்கையில் பெயர் வரலாம், அலைச்சல் இருக்கலாம். பெயர் வருவது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு.

இங்கிலாந்தில் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது 1989ல் வெளியானது. கிளப் வளாகத்துப் பள்ளத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த உறுப்பினர் ஒருவர் தலைவர் மீதும் செயலாளர் மீதும் வழக்குப் போட்டார். பதவி மட்டுமே அவர்களைப் பொறுப்பாளி ஆக்காது என்று வழக்கு தள்ளுபடியானது. அடுத்த ஆண்டு நார்தாம்ப்டன் வழக்கு. உள்ளரங்கக் கால்பந்து ஆட இடம் பிடித்த உறுப்பினரிடம், கூரை ஒழுகுகிறது, தரை நனைந்திருக்கிறது என்று முன்பே தெரிவித்திருந்தார்கள். அவர் கூட ஆடுபவர்களிடம் சொல்லவில்லை. ஒருவர் வழுக்கி விழுந்தார். தெரிந்தும் சொல்லாதவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் நீதிமன்றங்களும் ‘உனக்கு என்ன தெரியும், தெரிந்து என்ன செய்தாய்’ என்றுதான் கேட்கும்.

அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே இருக்கும். ‘மழை வரும்ங்கிறாங்க, பரவால்ல போலாம்’ என்று ஒருவர் எழுதியதும் சாட்சி. ‘வேண்டாம், அடுத்த வாரம் போவோம்’ என்று எழுதியதும் சாட்சி.

நிர்வாகிகளே, அடுத்த பயணத்துக்குப் படிவம் அச்சடிப்பதற்கு முன் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். வழியில் உள்ள ஆபத்தை எல்லோருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். விபத்துக் காப்பீடு எடுங்கள். பாதி வழியில் ‘திரும்பிவிடலாம்’ என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைப் புறப்படும் முன்பே பெயர் சொல்லி அறிவியுங்கள்.